ஐம்பத்து நாலு குட்டை ஜினியா

பூச்செடிக்குப் பூச்சி வந்தால் மருந்து இருக்கிறது. யோசனை சொல்ல ஆள் வந்தால் ஒன்றும் இல்லை. பங்களாத் தோட்டத்தில் வாளி தூக்குகிற உங்களுக்கு இது தெரிந்ததுதான். தேயிலை வேலையில் ஓய்வு பெற்ற பின்னும், எஸ்டேட்டை நடத்தும் துரையின் பங்களாவில் பூந்தோட்டம் பார்க்க என்னை வைத்திருந்தார்கள். கொழும்பிலிருந்து கம்பெனிப் பெரியவர் வரும் நாளில் குட்டை ஜினியா பூத்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் வேறு ஆள் என்று துரையின் மனைவி, துரைசாணி, சொல்லிவிட்டார். வேலை போனால், தொழிலாளருக்கென்று கம்பெனி கொடுத்த லயத்து அறையையும் கேட்பார்கள்.

உயரம்

அறுபது விதையில் ஐம்பத்து நாலு முளைத்தது. வரிசைக்குப் பதினெட்டாக மூன்று வரிசை, ஒன்பது அங்குல இடைவெளியில் நட்டேன். ஒரு அடிக்கு மேல் வளராத ரகம். துரைசாணி தினமும் குனிந்து பார்த்துப் பெருமூச்சு விட்டார். அடிமட்டம் வைத்து அளந்து காட்டினேன். அவர் விதைப் பாக்கெட்டை நீட்டினார். "படத்துல பூவே என் உள்ளங்கை அளவு இருக்கு பெரியவரே, நீங்கதான் தண்ணிய கஞ்சத்தனமா ஊத்துறீங்க."

உரம்

மலை வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கு ஒருநாள் பங்களாவுக்கு வந்தார். செடி சோர்ந்திருக்கிறது என்று அவரே முடிவுசெய்து, தேயிலைக்குப் போடும் யூரியாவை மூன்றாம் வரிசைக்குத் தூவிவிட்டார். பதினெட்டும் கீரை மாதிரி தழைத்தது. மொட்டு ஒன்றுகூட இல்லை. அடுத்த முறை அவர் வந்தபோது அதைச் சொன்னேன். "இலை எப்படி வந்திருக்கு பாருங்க. பூவை யாரு குடிக்கப் போறா?"

கிள்ளல்

புல் பிடுங்க, கொழுந்து பறிக்கும் மாரியாயியை அனுப்பினார்கள். நான் தண்ணீர் எடுத்து வருவதற்குள் இரண்டாம் வரிசையில் பதினெட்டு நுனியும் மொட்டோடு போயிருந்தது. தேயிலைக்குக் கிள்ளுகிற இரண்டு இலை ஒரு மொட்டு என்ற அளவு மட்டும் ஒன்றில்கூடப் பிசகவில்லை. வாளியை வைத்துவிட்டு ஒவ்வொன்றாக எண்ணினேன். அவளே பேசினாள். "முப்பது வருஷமா கிள்ளுற கை மாமா. புல்லுக்கு வேற கையா கொண்டாரச் சொன்னீங்க?"

வருகை

கினிகத்தேனைப் பாதையில் மண் சரிந்து, கம்பெனிப் பெரியவர் மூன்று வாரம் பிந்தி வந்தார். அதற்குள் யாரும் கை வைக்காத முதல் வரிசை பூத்து, மழையில் அழுகி முடிந்திருந்தது. மாரியாயி ஒரே ஒருமுறை கிள்ளிய வரிசைதான் பக்கக் கிளை விட்டு, செடிக்கு ஏழாக நூற்று இருபத்தாறு பூவோடு நின்றது. தானே பார்த்துப் பார்த்து வளர்த்ததாகத் துரைசாணி சொன்னார். உரம் தன்னுடையது என்றார் கண்டாக்கு. நான் வாளியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

கார் போனதும், இனி யாரும் வரப்போவதில்லை, நாளையிலிருந்து ஓய்வெடுங்கள் என்றார் துரைசாணி. யூரியா வரிசை இன்னும் பூக்கவே இல்லை என்று மெதுவாகச் சொன்னேன். போய்ப் பார்த்துவிட்டு வந்தார். "சரி, அது பூக்கிற வரைக்கும் இருந்துட்டுப் போங்க."

அதனால் வாரத்துக்கு ஒருமுறை, புல் இருந்தாலும் இல்லாவிட்டாலும், அந்த வரிசையில் புல் பிடுங்க மாரியாயியைக் கூப்பிடுகிறேன்.