துணிக்குக் கீழே பொலித்தீன்

ஆறு பீப்பாவிலும் அசிட் ஏறவில்லை. அசிட்டை அளக்கும் டைட்ரேஷனை மூன்று தடவை செய்து பார்த்தேன். ஐந்து வாரத்துக்கு முன் வந்த இலக்கமே திரும்பவும் வந்தது. கற்பிட்டி வீதியில் இருந்த வினாகிரிக் கம்பெனியில் லெப் உதவியாளராக நான் சேர்ந்த முதல் வருடம் அது. காரணம் எனக்கு உடனேயே விளங்கிவிட்டது.

நாங்கள் தென்னங்கள்ளில்தான் வினாகிரி போடுவோம். முதலில் ஈஸ்ட் கள்ளின் சீனியைத் தின்று மதுசாரமாக்கும். அதற்குக் காற்றுத் தேவையில்லை. பிறகு பக்டீரியா அந்த மதுசாரத்தை அசிட்டாக்கும்; அதற்குக் காற்று இல்லாவிட்டால் ஒன்றும் நடக்காது. அதனால் பீப்பா வாய்க்கு மூடி போடாமல் துணிதான் கட்டுவோம். கள்ளுக்கு மேலே பாலாடை போலப் படரும் பக்டீரியா ஆடை குலையக்கூடாது என்று துணியை யாரும் அவிழ்ப்பதில்லை. சாம்பிள் கீழ்க் குழாயில் எடுப்போம். எங்களுக்கு ஹராமான கள்ளு, பீப்பாவுக்குள் கிடந்து, வீட்டு அச்சாறில் ஊற்றக்கூடிய ஹலாலான பொருளாகிவிடும். அந்த வேலையில் எனக்கு மிகவும் பிடித்தது அதுதான்.

இதையெல்லாம் பஸ்ஸில் இருப்பவர்களுக்கு விளக்க முடியுமா? என் உடுப்பில் கள்ளு மணக்கும். பக்கத்தில் இருக்கும் பெண்கள் எழும்பிப் போவார்கள். "வேலைய விடு மகள்" என்று உம்மா அழுவா. வாப்பா படுக்கையில் கிடந்தார். என் சம்பளத்தில்தான் வீடு ஓடியது. பீப்பாக்களைப் பார்க்கும் செல்வராசா அண்ணன் தன் ஊரான உடப்புக் கோயில் திருவிழாவுக்கு லீவில் போயிருந்த வாரம், புதுக் கள்ளு ஊற்றிய ஆறு பீப்பாவிலும் துணிக்குக் கீழே பொலித்தீன் வைத்து இறுக்கிக் கட்டினேன். மணம் குறைந்த சுகத்தில் அவிழ்க்காமலே விட்டேன். கள்ளைக் கள்ளாகவே நிறுத்தி வைத்தது நான்தான்.

முதலாளி செல்வராசா அண்ணனைத்தான் பிடித்தார்.

"திருவிழாண்டு போய் எல்லாத்தையும் நாசமாக்கிட்டாய். தண்ணி கலந்தியா?"

"இல்ல முதலாளி. நான் ஒண்டும் செய்யல்ல."

"லெப் பிள்ளை, நீ சொல்லு. வேற காரணம் இருக்கா?"

"தெரியாது சேர்" என்றேன். கையில் இருந்த கொப்பியை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

அன்று பின்னேரமே அவரை வேலையால் நிறுத்தினார்கள். போகுமுன் லெப் வாசலுக்கு வந்தார். கையில் சுருட்டிய பொலித்தீன்.

"ஆறையும் கழட்டிட்டன் தங்கச்சி. இனிக் காத்துப் போகும். ரெண்டு மாசம் ஆட்டாம விடுங்க, புளிச்சிரும்."

"அண்ணன், நான்..."

"வாப்பாக்குச் சுகமா?"

"ஓம்" என்றேன். அவர் போய்விட்டார்.

அவர் சொன்னபடியே ஆறும் புளித்தன. நல்ல வினாகிரி. "லெப் பிள்ளை காப்பாத்திட்டா" என்று முதலாளி எல்லோரிடமும் சொன்னார். அப்போதாவது வாய் திறந்திருக்கலாம். திறக்கவில்லை. அடுத்த வருடம் என்னைப் பொறுப்பாளராக்கினார்கள். உடப்பு அப்படியொன்றும் தூரமில்லை. ஒரு நாளும் போகவில்லை. வெட்கம்தான்.

இப்போது லெப்புக்கு வரும் பிள்ளைகளிடம், அசிட் ஏறாவிட்டால் ஆளைக் குற்றம் சொல்லமுதல் துணியைத் தூக்கிப் பாருங்கள் என்பேன். "ஆடை குலைஞ்சிருமே மெடம்" என்பார்கள். குலையட்டும், இன்னொரு பீப்பா ஊற்றலாம் என்பேன். ஏன் அப்படிச் சொல்கிறேன் என்பதை மட்டும் இன்றுவரை அவர்களிடம் சொன்னதில்லை.