தேசிக்காய் மாளிகை

தொண்ணூறுகளில் நான் வேலைக்கு நின்ற வீடு, இத்தாலியப் பட்டினமான பலேர்மோவில், பொலிதேயாமா தியேட்டருக்குப் பின்னால் இருந்தது. நான் பிறந்த தீவை விக்டோரியா ராணி ஆண்ட காலத்தில், தேசிக்காயை, அதுதான் எலுமிச்சையை, கப்பலேற்றி விற்றுப் பணக்காரரான ஒருவர் கட்டியது. வீட்டுக்கார அம்மாவை நான் சிஞ்ஞோரா என்றுதான் கூப்பிடுவேன்; கட்டியவர் அவருடைய பூட்டன். யார் வந்தாலும் அந்தச் சரித்திரத்தைச் சொல்லாமல் சிஞ்ஞோரா ஒரு கோப்பி கொடுக்கமாட்டார். பளிங்கு எங்கிருந்து வந்தது, எந்தப் பிரபு எந்தக் கதிரையில் இருந்தார், எல்லாம் வரும். மழைக்குக் கூரை ஒழுக, நான் வாளியோடு ஓடுவது மட்டும் வராது.

சுற்றிவர இருந்த அதே மாதிரி வீடுகளை இடித்து மாடி மாடியாக ஃபிளாட் எழுப்பிவிட்டார்கள். மத்தியானத்திலும் லைட் போட்டுத்தான் கூட்டவேண்டும். பெரிய மாளிகையாம், மண்ணாங்கட்டி. ஆனால் பிறந்த அறையிலேயே சாகவேண்டும் என்று சிஞ்ஞோரா பிடிவாதமாக நின்றார். அந்த ஒன்றுக்காக அவரை எனக்குப் பிடிக்கும்.

மகன் கட்டடக்காரன் ஒருவனோடு விலை பேசி முடித்திருந்தான். தாய் சம்மதிக்கவில்லை. அதனால் தாய்க்கு அறிவு மாறிவிட்டது என்று காட்டி, தானே கையெழுத்துப் போட ஒரு டாக்குத்தரைக் கூட்டி வந்தான். நல்ல படிப்பு, நல்ல சென்ட். வெட்கம் என்ற சாமான்தான் இல்லை.

டாக்குத்தர் சிஞ்ஞோராவுக்கு முன்னாலேயே என்னைக் கேட்டார்.

"இவவைத் தனிய விடுறது ஆபத்தோ?"

நான் வாய் திறக்க முதல் மகன் முந்திக்கொண்டான். "அம்மா சோபாவிலை நெருப்பு வைச்சிட்டா. இவவும் கண்டவதானே."

பச்சைப் பொய். அது அவன் போட்ட சிகரெட். எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது.

"சீ!" என்றேன்.

எங்கள் பாஷையில் அது முகத்தில் காறித் துப்புவதற்குச் சமம். இத்தாலியனில் அதே சத்தத்துக்கு 'ஓம்', ஆமாம் என்று அர்த்தம். டாக்குத்தர் தலையாட்டிவிட்டு எழுதத் தொடங்கினார்.

"நோ, நோ, நான் சொன்னது எங்கட பாஷை" என்று கத்தினேன்.

மகன் சிரித்தான். "பாவம், இவவுக்கு இத்தாலியன் வடிவா விளங்காது." தன் சேட்டில் எந்த மடிப்பு எங்கே வரவேண்டும் என்று இத்தனை வருடம் எந்தப் பாஷையில் எனக்குச் சொன்னானாம்?

சிஞ்ஞோரா முதியோர் இல்லத்துக்குப் போகும் அன்று, அவருடைய உடுப்புகளை அடுக்கிக்கொண்டே அந்தச் சொல்லின் அர்த்தத்தைத் திரும்பவும் விளங்கப்படுத்தினேன். கடைசிவரை கேட்டார்.

"உன்ரை பாஷையிலை அது என்னவாயும் இருக்கட்டும்," என்றார். "என்ரை காதிலை விழுந்தது என்ரை பாஷையிலை."

நான் கையை நீட்டினேன். அவர் மகனின் கையைப் பிடித்துக்கொண்டு படி இறங்கினார்.