ஓரகத்தியின் மின்னஞ்சல் முகவரி

பட்டுக்கோட்டை பேருந்து நிலையத்துக்கு எதிரே, மாடியில் இருந்த பிரவுசிங் சென்டர் அது. ஒட்டுப்பலகைத் தடுப்புக்குள் ஒரு நாற்காலிதான் இருந்தது. அதில் என் ஓரகத்தி உட்கார்ந்திருந்தாள். நான் பின்னால் நின்றேன். விசாப் படிவம் என்றால் தபாலில் வரும், பேனாவால் நிரப்ப வேண்டும் என்றுதான் நினைத்திருந்தேன். இது மின்னஞ்சலோடு ஒட்டிக்கொண்டு வந்திருந்தது. கட்டம் கட்டமாகத் தட்டி முடித்து, எதையோ அழுத்தி, “போயிடுச்சுக்கா” என்றாள். நாங்கள் படியிறங்கித் தெருவுக்கு வருவதற்குள் அது மஸ்கட்டுக்குப் போய்ச் சேர்ந்திருக்கும் என்றும் சொன்னாள்.

என் கணவர்தான் அந்த வீட்டிலிருந்து முதலில் விமானம் ஏறியவர். எங்கள் மாமனாரும் மாமனாரின் அப்பாவும் பிறர் வயலில் நாற்று பறித்தவர்கள். இவர் ஓட்டுநராக மஸ்கட் போய், கம்பெனி அதிகாரியிடம் பேசி, பி.காம் படித்த தம்பியையும் கணக்குப் பிரிவில் சேர்த்துவிட்டார். அந்தத் தம்பிக்குப் பேராவூரணியிலிருந்து வந்தவள்தான் என் ஓரகத்தி. கம்ப்யூட்டர் படித்தவள், நான் பத்தாவது. எனக்குத் திருமணமாகிப் பல வருடங்கள் ஆகியும் குழந்தை இல்லை. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை விடுப்பில் வந்து போகிற மனிதரைப் பற்றி யாரும் பேசவில்லை. என்னைப் பற்றித்தான் பேசினார்கள். ஆகவே குடும்ப விசா என்று ஒன்று வந்தால் அது முதலில் எனக்குத்தான் என்று நான் நம்பியிருந்தேன்.

என் படிவத்தையும் அவள்தான் நிரப்பினாள். மின்னஞ்சல் முகவரி கேட்ட இடத்தில் தன்னுடையதையே போட்டாள். “பதில் வந்தா நான் சொல்றேங்க்கா” என்றாள். அதில் தவறு எதுவும் இல்லை, எனக்கு ஏது முகவரி? ஆனால் அன்றிலிருந்து என் கணவர் எனக்குச் சொல்வதெல்லாம் அவள் வாய் வழியாகவே வந்தது. அவர் தம்பியிடம் சொல்வார், தம்பி தட்டி அனுப்புவார், இவள் திறந்து படிப்பாள். உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொன்னாராம், இரும்பு மாத்திரையை விடாமல் சாப்பிடச் சொன்னாராம். என் புருஷனின் அக்கறையை இன்னொருத்தி சிரித்துக்கொண்டே வாசிப்பதைக் கேட்டுக்கொண்டு நிற்பது எப்படியிருக்கும் என்று நின்றவளுக்குத்தான் தெரியும். வீட்டில் மாமியார் வேறு, “சின்னவ இல்லேன்னா இந்த வீட்டுக்கு ஒரு சேதி வருமா?” என்பார்.

விசா அவளுக்கு வந்தது. அலுவலகத்தில் இருப்பவர்களுக்கு மட்டும்தான் இப்போதைக்கு அனுமதியாம், ஓட்டுநர்களுக்கு இல்லையாம். அதையும் அவள்தான் படித்துச் சொன்னாள். சொல்லும்போது அவள் கண் கலங்கியது. அந்தக் கண்ணீர் எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. புறப்படுவதற்கு முன் அவளே என்னை அழைத்துப் போய் எனக்கொரு முகவரி உண்டாக்கித் தந்தாள். கடவுச்சொல்லை என் உள்ளங்கையில் எழுதிவிட்டாள்.

ஒரு வருடம் கழித்து அந்த முகவரிக்குப் புதிய படிவம் வந்தது. இப்போது ஓட்டுநர்களும் கேட்கலாம் என்று விதி மாறியிருந்தது. யாரையும் துணைக்குக் கூப்பிடாமல் பட்டுக்கோட்டைக்குத் தனியாகப் போனேன். இம்முறை நாற்காலி எனக்கு. ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடித் தட்டினேன். பக்கத்துத் தடுப்புகளில் இருந்தவர்கள் எழுந்து போய்ப் புதிதாக ஆட்கள் வந்து உட்கார்ந்தார்கள். கணவருடைய முகவரி என்று என்னிடம் இருந்ததற்குப் படிவத்தை இணைத்து அனுப்பினேன். ‘நானே நிரப்பினேன், உங்களுக்காக’ என்று தமிழை ஆங்கில எழுத்தில் எழுதி, அதற்குக் கீழே அவருக்கு மட்டும் புரிகிற ஒரு வரியும் சேர்த்தேன். படியிறங்கும்போது கால் தரையில் பாவவில்லை.

சாயங்காலம் பக்கத்து வீட்டுத் தொலைபேசிக்கு அழைப்பு வந்தது. அவள்தான்.

“அக்கா, ஃபாரம் வந்துடுச்சு. பாஸ்போர்ட் நம்பர்ல ஒரு எழுத்து மாறியிருந்துச்சு, திருத்திக் கம்பெனிக்கு அனுப்பிட்டேன். மாமாவுக்கு மெயிலெல்லாம் திறக்கத் தெரியாதுல்ல, நான்தான் பாக்கறேன்.” குரலைத் தாழ்த்தி, “கீழே எழுதியிருந்ததையும் மாமாகிட்ட சொல்லிட்டேங்க்கா” என்றாள்.

விசா வந்தது, போனேன். மஸ்கட் விமான நிலையத்தில் என் கணவருக்கு முன்னால் நின்று கையசைத்தவள் அவள். அங்கேயே என் மகன் பிறந்தான். என் கணவர் அன்று சரக்கு ஏற்றிக்கொண்டு ஆயிரம் கிலோமீட்டர் தள்ளியிருக்கும் சலாலாவுக்குப் போயிருந்தார். பிள்ளையை முதலில் கையில் வாங்கியவளும் அவள்தான். அவள் இல்லாவிட்டால் அவனே இல்லை என்று எல்லாரும் சொல்வார்கள்.

இப்போது நாங்கள் ஊரில், அவர்கள் திருச்சியில். போன வாரம் மகன் கல்லூரி விண்ணப்பத்தை நிரப்பி, சரிபார்க்கச் சொல்லிச் சித்திக்கு மின்னஞ்சல் செய்திருந்தான். எனக்கும் ஒரு நகல் வந்தது. கைபேசியில் திறந்தேன். அவள் அதற்குள் பார்த்து, இரண்டு இடங்களில் திருத்தியும் இருந்தாள். நான் எதையும் திருத்தப் போகவில்லை. தாயார் பெயர் என்ற கட்டம் வரை தள்ளிக்கொண்டு போய், அங்கே இருப்பது என் பெயர்தானா என்று மட்டும் பார்த்துக்கொண்டேன்.