அக்காவை நான் காப்பாற்றிய கதை

சொல்லித்தந்ததைச் சொல்லித்தந்தபடியே செய்த ஒரு பிள்ளையைக் குற்றம் சொல்லலாமா? அந்தப் பிள்ளை நான்தான். இப்போது எனக்கே இரண்டு வயதில் ஒரு மகள் இருக்கிறாள். ஆனாலும் இந்தக் கேள்வியை இன்னும் எனக்குள் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

ஊரில் நாங்கள் பேசப் பழகும்போதே பழகிய பாடம் ஒன்று உண்டு. வாசலில் யாராவது தாளைப் பார்த்து ஒரு பெயரைச் சொல்லிக் கேட்டால், "அப்பிடி ஒருத்தரும் இஞ்ச இல்லை" என்று சொல்லவேண்டும். யாருடைய பெயர் என்று யோசிக்கவும் கூடாது. யோசித்தால் முகம் காட்டிக்கொடுத்துவிடும். அப்பாவைப் பிடித்துப்போகத் தேடி வந்தவர்களிடம் இரண்டு முறை அதை அச்சுப்பிசகாமல் ஒப்புவித்திருக்கிறேன். இரண்டாவது முறை அவர்களிடம் அப்பாவின் படமும் இருந்தது. அவருக்கு நல்ல வேலை ஒன்று இருக்கிறது, அதுதான் தேடுகிறோம் என்றார்கள். அப்பா அப்போது பின்வளவில் விறகுக் கட்டுகளுக்கு நடுவே குந்தியிருந்தார்.

பிறகு படகில் வந்தோம். தடுப்பு முகாமில் சில மாதங்கள் இருந்துவிட்டு, சிட்னியின் மேற்கே ஒரு அடுக்குமாடி யுனிட்டில், தரைத்தளத்தில் குடியிருந்தோம். எங்கள் நால்வருக்கும், முடிவு வரும்வரை தங்கவிடும் பிரிட்ஜிங் விசா. அதன் முடிவுத் திகதியை அம்மா காலண்டரில் சிவப்புப் பேனையால் வட்டமிட்டிருந்தா. அக்கா பன்னிரண்டாம் வகுப்பை முடித்திருந்தாள். நல்ல மதிப்பெண். ஆனால் எங்கள் விசாவில் பல்கலைக்கழகம் போவதென்றால் வெளிநாட்டு மாணவர் கட்டணம் கட்டவேண்டும். அது எங்களைப் பொறுத்தவரை இல்லை என்பதற்கு இன்னொரு சொல். பள்ளிக்கூட ஆசிரியை ஒருவர் அவளுக்காக ஏதோ உதவித்தொகைக்கு விண்ணப்பம் போட்டுக்கொடுத்தார். அக்கா அதைப் பற்றி வீட்டில் அதிகம் பேசவில்லை. ஆனால் இரவில் படுக்கும்போது டெலிபோனைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொள்வாள்.

அந்த ஜனவரியில் மேய்ஸ் ஹில் முருகன் கோயிலுக்குப் போய் வந்த அம்மா, படகில் வந்தவர்களைத் திருப்பி அனுப்பப் போகிறார்களாம் என்ற கதையோடு வந்தா. யார் சொன்னது என்று கேட்டால், எல்லாரும்தான் என்றா. டெலிபோனை வைத்துக் கண்டுபிடிப்பார்கள் என்று, வந்த கையோடு வீட்டிலிருந்த சிம் கார்டுகளைக் கழற்றிக் குப்பையில் போட்டா. அக்காவுடையதும் அதில் போனது. அக்கா இரண்டு நாள் சாப்பிடவில்லை, அவ்வளவுதான்.

அடுத்த வாரம், புதன்கிழமை, பள்ளி விடுமுறை, நல்ல வெயில். அப்பாவும் அம்மாவும் வேலைக்குப் போயிருந்தார்கள். அக்கா அடுத்த தெருவில் ஒரு அன்ரியின் குழந்தையைப் பார்த்துக்கொள்ளப் போயிருந்தாள். வீட்டில் நான் மட்டும்தான். கதவு தட்டப்பட்டது. சங்கிலியைப் போட்டபடி இடுக்கு வழியே பார்த்தேன். நரைத்த முடியை ஒட்ட வெட்டிய ஒரு வெள்ளைக்காரப் பெண், நீலச் சட்டம் போட்ட மூக்குக்கண்ணாடி. கையில் ஒரு பைல். அதன் முதல் தாளில் அக்காவின் படம் குத்தியிருந்தது. அவர் தாளைப் பார்த்து அக்காவின் முழுப் பெயரையும் வாசித்தார்.

அப்படி ஒருவரும் இங்கே இல்லை என்றேன். ஆங்கிலத்தில் சொன்னாலும் குரல் ஊரில் சொன்ன அதே குரல்தான்.

அவர் குனிந்து, மெதுவாக, எனக்கு விளங்கவேண்டும் என்று ஏதேதோ சொன்னார். டெலிபோன் வேலை செய்யவில்லையாம். யுனிவர்சிட்டி என்ற சொல் விளங்கியது. வெள்ளிக்கிழமை என்ற சொல்லும் விளங்கியது. அவளுக்கு நல்ல செய்தி இருக்கிறது என்றார். அப்பாவைத் தேடி வந்தவர்களும் இப்படித்தான் நல்ல வேலை என்று சொன்னார்கள். நான் இன்னொரு முறை இல்லை என்று சொல்லிக் கதவைச் சாத்தினேன்.

அவர் போகவில்லை. எதிரே நிழலே இல்லாத இடத்தில் நின்ற தன் சின்ன வெள்ளைக் காரில் போய் உட்கார்ந்தார். யன்னல் பிளைண்ட்ஸை விலக்கிப் பார்த்தேன். கார்க் கதவைத் திறந்துவைத்து, பைலால் விசிறிக்கொண்டிருந்தார். பத்து நிமிடம் போனது, அரை மணி நேரம் போனது. அக்கா நாலு மணிக்கு வந்துவிடுவாள். வந்தால் அந்தக் காருக்கு முன்னால்தான் நடந்து வரவேண்டும்.

மூன்றே முக்காலுக்குக் குளியலறை யன்னலால் குதித்து, குப்பைத் தொட்டிகளுக்குப் பின்னால் ஓடி, தெரு முனையில் அவளைப் பிடித்தேன்.

"எங்கையடி இழுத்துக்கொண்டு போறாய்? கை நோகுது."

"பேசாம வா. உன்ர படத்தோட வந்திருக்கினம்."

"ஆர்?"

"இமிக்ரேஷன்."

அந்தச் சொல்லை அந்தப் பெண் சொல்லவே இல்லை. நானாகச் சொன்னேன். நல்ல செய்தி என்றதையும் வெள்ளிக்கிழமை என்றதையும் சொல்லவில்லை. அக்காவின் முகம் சுண்ணாம்பு போலானது. பார்க்கில், கழிவறைச் சுவருக்குப் பின்னால், அவள் கையைப் பிடித்தபடி ஒரு மணி நேரத்துக்கு மேல் உட்கார்ந்திருந்தேன். போத்தலில் இருந்த தண்ணீரை எனக்கே தந்தாள். எட்டிப் பார்த்தபோது கார் போயிருந்தது.

அன்று அம்மா என் தலையைத் தடவி, "கெட்டிக்காரி, இவள் இல்லாட்டி என்ன நடந்திருக்கும்" என்று சொல்லி எனக்கு மட்டும் இறால் பொரித்துத் தந்தா. அக்கா தன் பங்குச் சோற்றிலிருந்தும் ஒரு பிடி குழைத்து ஊட்டினாள். பத்து நாளில், புது முகவரியைப் பள்ளிக்கூட ஆசிரியைக்கும் சொல்லாமல், வேறு யுனிட்டுக்கு மாறினோம். அக்கா அடுத்த வருடம் முதியோர் இல்லத்தில் துப்புரவு வேலைக்குச் சேர்ந்தாள். இன்றும் அதே இல்லம்தான்.

நான் பதினோராம் வகுப்பில் இருந்தபோது, எங்களைப் போன்ற பிள்ளைகளுக்கு உதவித்தொகை பற்றிச் சொல்ல ஒருவர் பள்ளிக்கூடத்துக்கு வந்தார். நரைத்த முடி, நீலச் சட்டக் கண்ணாடி. டெலிபோன் எண் மாறினால் உடனே சொல்லுங்கள் பிள்ளைகளே என்றார். ஒரு முறை இடம் கிடைத்த ஒரு பெண்ணை இரண்டு நாள் தேடியலைந்தாராம். வெள்ளிக்கிழமை மாலை அந்த இடம் அடுத்தவருக்குப் போய்விட்டதாம். என்னை அவருக்கு அடையாளம் தெரியவில்லை. கதவிடுக்கில் அவர் பார்த்தது பாதி முகம்தானே.

அடுத்த வருடம் அவரே எனக்கு விண்ணப்பம் நிரப்பித் தந்தார். அந்த உதவியில்தான் படித்தேன். பட்டமளிப்பன்று அக்கா இரவல் வாங்கிய சேலையில் வந்து, பக்கத்தில் இருந்தவர்களிடமெல்லாம் சொன்னாள்: "இவள்தான் சின்னனில என்னை இமிக்ரேஷன்காரரிட்ட இருந்து காப்பாத்தினவள்."

பிடித்துக்கொண்டு போக வருகிறவர்கள் வெயிலில் பைலால் விசிறிக்கொண்டு காத்திருக்க மாட்டார்கள் என்பது அந்தச் சிறுமிக்கு விளங்கவில்லை. விளங்கிய பிறகும் இவ்வளவு வருடம் வாய் திறக்காமல் இருப்பவளை என்னவென்று சொல்வது?

இப்போது அக்காவுக்கு நிரந்தர விசா கிடைத்திருக்கிறது. முப்பத்தொரு வயதில் நர்சிங் படிக்க விரும்புகிறாள். போன சனிக்கிழமை என் வீட்டில் உட்கார்ந்து விண்ணப்பத்தை நிரப்பத் தொடங்கினோம். முன்பு எப்போதாவது விண்ணப்பித்தீர்களா, முடிவு என்ன என்று ஒரு கேள்வி வந்தது. என் மகளுக்குச் சோறு தீத்திக்கொண்டே அக்கா சொன்னாள்: "விண்ணப்பிச்சனான், ஒருத்தரும் திரும்பிப் பார்க்கேல்லை எண்டு போடு."

மகளுக்கு நித்திரை வருகிறது, நாளைக்குப் பார்ப்போம் என்று லேப்டொப்பை மூடிவிட்டேன். இன்னும் திறக்கவில்லை. விண்ணப்பிக்கும் காலம் வருகிற வெள்ளிக்கிழமை முடிகிறது.

சொன்னால், அன்று தனக்கு ஓர் இடம் கிடைத்திருந்தது என்று அவளுக்குத் தெரியவரும். தன்னைக் காப்பாற்றிய தங்கச்சியும் அன்றோடு இல்லாமல் போவாள். உங்களில் தம்பி தங்கைகளுக்கு மூத்தவர்கள் யாராவது இருந்தால் எழுதுங்கள். அவளுடைய இடத்தில் நீங்கள் இருந்தால், இதைத் தெரிந்துகொள்ள விரும்புவீர்களா?