வியாழக்கிழமைச் சிரிப்புகள்

பியர்பொன்ட்ஸில் எங்கள் வீட்டுக்குக் கிட்ட ஒரு டெப்பனர் இருக்கிறது. பால், பாண், பியர், லொத்தர்ச் சீட்டு விற்கிற மூலைக்கடை. மகனும் அவன் கூட்டாளிகளும் குடித்துவிட்டுப் போட்ட வெறும் பேணிகளை அங்கே சில்லறைக் காசுக்குத் திருப்பிக் கொடுப்பது என் வேலை. வேறு யார் செய்வது? போன கிழமை கடை இயந்திரம் நாற்பத்தைந்து என்று காட்டியது. நான் பையில் போட்டது நாற்பத்தாறு. இதை யாரிடம் போய்ச் சொல்வது என்று நின்றபோது பையின் அடியிலிருந்து அந்த மணம் வந்தது. பியர் காய்ந்து புளித்த மணம். உங்களுக்கு அது நாற்றமாக இருக்கலாம். எனக்கு அது வியாழக்கிழமை.

இரண்டாயிரத்தின் தொடக்க வருடங்களில் நோத்ர-டாம்-த-கிரேஸ் என்ற பகுதியில் ஒரு பப்பில் கிளாஸ் கழுவினேன். ஊரில் கணிதம் படிப்பித்தவன். இங்கே என் சான்றிதழ்களை அலுவலகத்தில் ஒரு அம்மையார் பிரெஞ்சில் புகழ்ந்துவிட்டுத் திருப்பித் தந்தார். பப்பின் கம்பளத்தில் அந்த மணம் ஊறிக் கிடக்கும், நடந்தால் சப்பாத்து ஒட்டும். குசினியில் சமையல் பாலன், நம்மவன். என்னை மாஸ்டர் என்றுதான் கூப்பிடுவான். மீன் பொரியலுக்குக் களவாக மிளகாய்த்தூள் போடுவான். ஒருவரும் முறையிட்டதில்லை.

வியாழன் இரவுகளில் பகிடி நிகழ்ச்சி. நடத்தியவன் ஃபேர்கஸ் என்கிற ஐரிஷ்காரன். மைக்குக்கு முன்னால் தனியே நின்று ஆட்களைச் சிரிக்க வைப்பதுதான் அவன் தொழில், வேறொன்றும் தெரியாது. அவன் பேச்சு எனக்குப் பாதிதான் விளங்கும். பகிடி எந்தச் சொல்லில் இருக்கிறதோ அந்தச் சொல்லை விழுங்கிவிடுவான். மற்றவர்கள் சிரிக்கும்போது நான் பின்னுக்கு நின்று கிளாஸ் எண்ணுவேன், பெருவிரலால் மற்ற விரல்களின் கணுக்களைத் தொட்டுத் தொட்டு. கைக்குப் பன்னிரண்டு. நம்மவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

ஒருநாள் நிகழ்ச்சி முடிந்து நேரே என்னிடம் வந்தான். அவனுடைய ஆங்கிலத்தை எங்கள் தமிழில் போட்டால் இப்படி வரும்:

“நான் கதைக்கேக்க நீர் பின்னுக்கு நிண்டு செபம் சொல்லுறீர். அவ்வளவு மோசமோ?”

அவன் வேதக்கார வீட்டுப் பிள்ளை, நான் விரலில் செபமாலை உருட்டுவதாக நினைத்திருக்கிறான். கிளாஸ் எண்ணுகிறேன் என்றேன். அவன் கண் என் விரல்களிலேயே நின்றது.

“அப்ப சிரிப்பையும் எண்ணுவீரோ?”

சிரிக்கிற ஆளால் சிரிப்பை எண்ண முடியாதாம், விளங்காத ஆள்தான் வேண்டுமாம். எனக்கு அது புகழ்ச்சியாகப் படவில்லை. ஆனாலும் எண்ணினேன். சட்டதிட்டங்கள் இருந்தன. ஒருவர் மட்டும் சிரித்தால் கணக்கில்லை. மரியாதைக்குச் சிரித்தால் கணக்கில்லை. அவனுடைய அப்போதைய காதலி சிரித்தால் கணக்கே இல்லை.

“ஊரிலை பிள்ளையளுக்குக் கணக்குப் படிப்பிச்ச மனுசன், இஞ்சை வந்து வெறிகாரர் பல்லுக் காட்டுறதை எண்ணுறியள்,” என்றான் பாலன். “நல்ல முன்னேற்றம், மாஸ்டர்.”

முதல் வியாழன் அறுபத்தொன்று. இலை கொட்டும் காலத்தில் நாற்பது. பிறகு இருபதுகள். நான் கூட்டியும் சொல்லவில்லை, குறைத்தும் சொல்லவில்லை. பப்பின் முதலாளி குளிர் தொடங்கும்வரை பார்ப்பதாகச் சொல்லியிருந்தார். அதற்குப் பிறகு பெரிய தொலைக்காட்சி ஒன்று வாங்கி வியாழனில் ஹொக்கி போடுவாராம். ஃபேர்கஸுக்குப் போக வேறு மேடை இல்லை.

ஒரு வியாழன் அவன் குசினிக்குள் வந்து, பியர்ப் பெட்டி ஒன்றைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து மீன் சாப்பிட்டான்.

“எவ்வளவு?”

“பதினொண்டு.”

மெல்லுவதை நிறுத்தினான்.

“ஒன்பது ஒரே இடத்திலை,” என்றேன். பரீட்சைத்தாள் திருத்தின பழக்கம். புள்ளி எங்கே விழுந்தது என்று சொல்லாமல் விடமாட்டேன்.

அந்த இடம், இரண்டு கள்ளர் ஒரு பிரேத வண்டியைக் களவெடுக்கிற கதை. உள்ளே ஆள் இருப்பது கள்ளருக்குத் தெரியாது. அது நேரம் போக்கச் சொல்வது, அதற்கு முடிவே கிடையாது என்றான் ஃபேர்கஸ். அடுப்படியிலிருந்து பாலன் திரும்பினான்.

“அது பகிடி இல்லை மாஸ்டர், கதை. அந்தப் பிரேதத்தை அவங்கள் கடைசியிலை என்ன செய்தவங்களாம்? கேளுங்கோ.”

கேட்டேன். தெரியாது என்றான்.

“அப்ப யோசிச்சுச் சொல்லச் சொல்லுங்கோ. மூண்டு கிழமையாய்க் காத்துக்கொண்டு நிக்கிறன்.”

குளிர் வந்தது, ஹொக்கியும் வந்தது. ஃபேர்கஸ் பப்பின் ஒரு மூலையில் தொலைக்காட்சிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து எழுதினான். கொலையும் களவும் உள்ள நாவல், ஆனால் சிரிக்க வேண்டும். கிளாஸ் எடுக்கப் போனால் என்னைப் பிடித்து வைத்துப் புலம்புவான்.

“மேடையிலையெண்டா எனக்கு உடனை தெரியும். அவங்கள் வீட்டிலை இருந்து சிரிச்சா எனக்கெப்பிடிக் கேக்கும்? சிரிக்காட்டிலும் எப்பிடித் தெரியும்?”

அடுத்த மாரிக்குளிரில் புத்தகம் வந்தது. பிரேத வண்டிக்குள் கிடந்தவர் வேற்று நாட்டுக் கணித வாத்தியார். எல்லாவற்றையும் விரலில் எண்ணுகிறவராம். முதல் பக்கத்திலேயே நான் செத்துக் கிடந்தேன்.

மனைவிக்கு வாய் தவறிச் சொல்லிவிட்டேன். “உசிரோடை இருக்கிற மனுசனைச் செத்ததெண்டு அச்சடிச்சு வச்சிருக்கு. அதை வீட்டுக்குள்ளை கொண்டு வராதேங்கோ,” என்றாள். புத்தகம் காருக்குள் இருந்தது. மறுநாள் கோயிலில் என் பெயருக்கு அர்ச்சனை. ஃபேர்கஸின் பெயருக்கும் ஒன்று செய்திருக்கிறாள். “அந்தப் பெடியனுக்கு நட்சத்திரம் தெரியாது. உங்கடையைக் குடுத்தனான்.”

வெளியீட்டு விழா அதே பகுதியில் ஒரு சிறு புத்தகக் கடையில். முப்பது கதிரை, இருபத்துமூன்று பேர். இன்றைக்கும் எண்ணும் என்றான் ஃபேர்கஸ் என்னிடம்.

முதல் அத்தியாயத்தை நிதானமாக வாசித்தான். ஒரு சொல்லையும் விழுங்கவில்லை, அதனால் முதல்முறையாக எனக்கு முழுவதும் விளங்கியது. கள்ளர் வண்டியின் பின்கதவைத் திறக்கிறார்கள். வாத்தியாரின் பெருவிரல் மோதிர விரலின் நடுக்கணுவில் நிற்கிறது. சாகும்போது மனுசன் எதை எண்ணிக்கொண்டிருந்தான் என்று இருவருக்கும் சண்டை. பெண்சாதி குறை சொன்ன தடவைகளை என்கிறான் ஒருவன். மற்றவன் அந்த விரல்களை உற்றுப் பார்த்துவிட்டு, “அதுக்கு உந்த விரல் போதாது,” என்கிறான்.

ஏழுவரைக்கும் எண்ணி வந்திருந்தேன். அந்த இடத்தில் ஒரு சத்தம் கேட்டது, பெரிய சத்தம். முன்வரிசை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. அது நான்தான். கண்ணாடியைக் கழற்றித் துடைக்கவேண்டி இருந்தது. கணு தவறிப்போனது.

முடிந்ததும் அவன் வந்தான்.

“எவ்வளவு?”

“ஏழு. அதுக்குப் பிறகு தெரியாது.”

கையெழுத்துக்கு நின்றவர்களை அப்படியே விட்டுவிட்டு வெளியே பனிக்குள் போய்ச் சிகரெட் பற்றவைத்தான். கடைக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவன் தனியே தலையாட்டுவது தெரிந்தது.

அந்தக் கள்ளர் இருவரையும் வைத்து மேலும் நான்கு நாவல் எழுதினான். பிறகு தன் ஊருக்கே போய்விட்டான். மைக்குக்கு முன்னால் திரும்ப நிற்கவில்லையாம். பாலன் டொரொன்டோவில். பப் இருந்த இடத்தில் பல் வைத்தியர் இருக்கிறார், தரை பளிங்குபோல. அந்தப் புத்தகக் கடையும் இல்லை.

போன மாதம் மெட்ரோவில் எனக்கெதிரே ஒரு பெண் கைபேசியைப் பார்த்துத் தோள் குலுங்கச் சிரித்தாள். காதில் ஏதோ செருகியிருந்தாள், சத்தம் வரவில்லை. அந்தப் பெட்டியில் அப்படி நான்கு பேர். எதற்கென்று ஒருவர் மற்றவரைக் கேட்கவில்லை. எங்கோ ஒருவன் அவர்களைச் சிரிக்க வைத்திருக்கிறான், அவனுக்கும் ஒன்றும் கேட்டிருக்காது.