எதிர்வீட்டுக் கஷாயச் சட்டி

காலையில் எழுந்ததும் ஷிமெய் செய்கிற முதல் வேலை, சமையலறை ஜன்னல் விளிம்பில் இருக்கும் கஷாயச் சட்டியைத் தொட்டுப் பார்த்து, அதன் மூக்கைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைப்பது. முந்தின நாள் திருப்பி வைத்தபடியேதான் அது இருக்கும். ஆனாலும் ஒரு தரம் எடுத்து, ஈரமாக இருக்கிறதா என்று உள்ளே விரல் விட்டுப் பார்த்து, மறுபடி அதே இடத்தில் அதே மாதிரி வைப்பாள். அடுப்பு, பல் துலக்குவது எல்லாம் அதற்குப் பிறகுதான். அவள் புருஷன் லாய்ஃபா நாற்பத்து நாலு வருஷமாக இதைப் பார்த்துக்கொண்டிருக்கிறான். முதல் பத்து வருஷம் கேலி செய்தான். பிறகு விட்டுவிட்டான்.

சட்டி அவளுடையது அல்ல. எதிர்வீட்டு யின்ஜியாவ் அக்காவுடையது.

தென் சீனத்து ஆற்றங்கரை ஊர் அது, அந்தச் சந்தில் எட்டு வீடு. எட்டு வீட்டுக்கும் கஷாயம் காய்ச்ச அந்த ஒரு சட்டிதான். மண்ணில் செய்து, பக்கவாட்டில் கைப்பிடியும் முன்னால் மூக்கும் வைத்தது. யாருக்காவது உடம்புக்கு வந்தால் சட்டி எந்த வீட்டில் இருக்கிறது என்று விசாரித்து, போய்க் கேட்டு எடுத்து வருவார்கள். குணமானதும் கழுவிக் கவிழ்த்து வைத்துக்கொண்டு சும்மா இருக்க வேண்டும். திருப்பிக் கொண்டுபோய்க் கொடுக்கக் கூடாது. கொடுத்தால் நோயைச் சுமந்துபோய் அந்த வீட்டில் இறக்கி வைத்ததாக ஆகும். சட்டிக்குச் சொந்தக்காரியே ஆனாலும், தேவைப்பட்டால் அவள்தான் வந்து கேட்க வேண்டும். இது பால்குடி மறந்த பிள்ளைக்கும் தெரியும்.

ஷிமெய் பள்ளிக்கூடத்துக்குப் போனது நாலே வருஷம். பதினாறு வயதில் ஊரிலிருந்த மாத்திரைப் பட்டறையில் சேர்ந்தாள். தேனைக் காய்ச்சி, ஒரு சொட்டைக் குளிர்ந்த தண்ணீரில் விட்டால் கரையாமல் முத்தாக நிற்கும் பதத்தில் இறக்கி, மூலிகைப் பொடியோடு பிசைந்து, கயிறு போல நீட்டி, ஒரே அளவாக வெட்டி உருட்ட வேண்டும். அவள் உருட்டிய உருண்டைகளைத் தராசில் போட்டால் முள் அசையாது என்பார்கள். பேச்சு மட்டும் வராது. மேற்பார்வைக்காரி, "ஏண்டி, வாய்க்குள்ளயும் ரெண்டு உருண்டைய அடக்கி வச்சிருக்கியா? துப்பிட்டுப் பேசேன்" என்று தினம் ஒரு தடவையாவது சொல்வாள். ஷிமெய் குனிந்து சிரிப்பாள். பட்டறையில் அவள் கற்றுக்கொண்ட இன்னொன்று, எந்த நோய்க்கு எந்த வடிவம் என்பது. நாள்பட்டு இழுக்கிற நோய்க்கு உருண்டை. அது வயிற்றில் மெல்லக் கரைந்து மெல்ல வேலை செய்யும். திடீரென்று வந்து ஆளைச் சாய்க்கிற நோய்க்குக் கஷாயம்தான். அதற்குக் காத்திருக்க நேரம் கிடையாது.

கல்யாணமான இரண்டாம் வருஷம், வசந்தத்தில் லாய்ஃபாவுக்கு நெஞ்சில் சளி கட்டியது. ஷிமெய் யின்ஜியாவ் வீட்டில் சட்டி கேட்டு வாங்கி வந்து காய்ச்சிக் கொடுத்தாள். அவன் பிழைத்துக்கொண்டான். சட்டியைக் கழுவி ஜன்னல் விளிம்பில் கவிழ்த்தாள்.

அந்த ஆனியில் மழை விடவே இல்லை. ஆறு கரையைத் தொட்டுக்கொண்டு ஓடியது, சந்தை கூடவில்லை, புதுச் சட்டி வாங்கலாம் என்றால் பானை விற்கிறவன் படகும் வரவில்லை. யின்ஜியாவ் அக்காவுக்குக் காய்ச்சல் கண்டது அப்போதுதான். அவள் புருஷன் படகோடு வடக்கே எங்கோ மாட்டிக்கொண்டிருந்தான். வீட்டில் அவளும் பதினோரு வயது மகள் சுன்குய்யும் மட்டும். சந்து மூன்று முழ அகலம்தான். ஷிமெய் தன் ஜன்னலில் நின்றால் எதிர்வீட்டு ஆணியில் தொங்கும் மருந்துப் பொட்டலங்களை எண்ணலாம். இருமலும் கேட்கும்.

இரண்டாம் நாள் வந்த கஷாய வாடை சரியாக இல்லை. கருகலும் துருவும் கலந்த வாடை. ஷிமெய்க்குப் புரிந்துவிட்டது. சின்னப் பெண் சமைக்கிற இரும்புச் சட்டியில் காய்ச்சுகிறாள். இரும்பு பட்டால் மருந்து கறுத்துக் கெட்டுப்போகும் என்பது பட்டறையில் முதல் நாளே சொல்லித் தருகிற பாடம்.

அவள் சட்டியைக் கையில் எடுத்தாள். வாசல்வரை போனாள். நிலைப்படியைத் தாண்டக் கால் எழவில்லை. கேட்காமல் கொண்டுபோனால் படுத்திருப்பவளுக்குச் சாவைக் கொண்டுபோன மாதிரி ஆகிவிடுமே. அக்கா ஆள் அனுப்புவாள், இன்றைக்கு அனுப்புவாள் என்று காத்திருந்தாள். மூன்றாம் நாள் மத்தியானம் கதவிடுக்கில் இரண்டு சின்னக் கால்கள் தெரிந்தன. நனைந்த துணிச்செருப்பு. கொஞ்ச நேரம் நின்றன. ஷிமெய் உள்ளேயிருந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். 'என்னம்மா?' என்று கேட்கலாம். அந்த ஒரு வார்த்தை அவள் தொண்டையை விட்டு வெளியே வரவில்லை. கால்கள் திரும்பிப் போயின.

அன்று சாயங்காலம் இருபது தேன் உருண்டைகளைக் கைக்குட்டையில் முடிந்து எதிர்வீட்டு வாசலில் வைத்துவிட்டு வந்தாள். வைக்கும்போதே அவளுக்குத் தெரியும், அது மெல்ல வேலை செய்கிற மருந்து என்று.

ஏழாம் நாள் யின்ஜியாவ் இறந்துபோனாள். துக்கத்துக்கு வந்த பெண்கள் ஷிமெய்யிடம், "நல்ல வேளை, நீ சட்டியத் தூக்கிட்டுப் போகல. போயிருந்தா பழி உன் தலையிலதான் விடிஞ்சிருக்கும்" என்றார்கள். ஆறுதலாகத்தான் சொன்னார்கள்.

அதற்குப் பிறகு அந்தச் சட்டியைக் கேட்டு யாரும் வரவில்லை. சாவு கண்ட சட்டி என்று முதலில் ஒதுக்கினார்கள். பிறகு காலமே மாறியது. மருந்துக்கடையிலேயே கஷாயம் காய்ச்சி, வாயை ஒட்டிய பிளாஸ்டிக் பைகளில் கொடுக்க ஆரம்பித்தார்கள். பட்டறை ஆலையானது. ஷிமெய் உருண்டையிலிருந்து முதுகுவலிப் பிளாஸ்திரிக்கு மாற்றப்பட்டாள், பிளாஸ்திரியிலிருந்து வெந்நீரில் கரையும் குருணைப் பொட்டலத்துக்கு. ஊரில் சட்டிக்கே வேலை இல்லாமல் போயிற்று. லாய்ஃபா ஒருநாள், "ஆத்துல போட்டுட்டு வா, நானே வேணா போடறேன்" என்றான்.

"நம்ம பொருளா, போடறதுக்கு?" என்றாள் ஷிமெய்.

ஆனி மழை பிடித்தால் சட்டி வியர்க்கும். எத்தனையோ வருஷம் கஷாயம் குடித்த மண், ஈரக்காற்றில் அதைக் கக்கும். விரல் விட்டால் பழுப்பாகப் பிசுபிசுக்கும். வீடு முழுக்க அந்த வாடை. அது மண்ணின் குணம் என்று ஷிமெய்க்குத் தெரியும். தெரிந்தும் அந்த நாட்களில் அவள் வாசல் கதவுக்குத் தாழ்ப்பாள் போடுவதில்லை. யாராவது வந்து நின்று, கேட்கத் தயங்கித் திரும்பிப் போய்விடக் கூடாது. சில நாள் மத்தியானத்தில் அவள் எழுந்து போய்க் கதவிடுக்கில் கீழே பார்ப்பாள். நிலைப்படிக் கல் ஈரமாக இருக்கும். மழைக்கு எல்லாக் கல்லும்தான் ஈரமாக இருக்கும்.

சுன்குய் வளர்ந்து நான்சாங் நகரத்துக்குப் போய்விட்டாள். வருஷத்துக்கு ஒருமுறை, சிங்மிங் நாளில், அம்மாவின் சமாதியைச் சுத்தம் செய்ய வருவாள். அந்த ஒருநாள் மட்டும் ஷிமெய் சட்டியின் மூக்கைச் சந்துப் பக்கம் திருப்பி வைப்பாள். சொந்தக்காரி போய்விட்டாள், கேட்க உரிமை உள்ளவள் மகள் ஒருத்திதான். அவள் ஜன்னலைப் பார்க்கவே மாட்டாள். தலையைக் குனிந்தபடி போய்விடுவாள். அவளுக்கு எல்லாம் தெரியும், அதனால்தான் முகம் பார்ப்பதில்லை என்று ஷிமெய் நினைத்துக்கொள்வாள்.

இந்த வருஷம் எதிர்வீடு விலைபோயிற்று. இடிக்கப் போகிறார்கள் என்று பேச்சு. சுன்குய் இனி இந்தச் சந்துக்கு வர மாட்டாள் என்பது ஷிமெய்யின் நெஞ்சில் கல்லாக உட்கார்ந்தது. அவள் கேட்காமல் போய்விட்டால், சட்டி ஷிமெய் சாகும்வரை ஜன்னலில்தான்.

சிங்மிங் அன்று மழை. சமாதியிலிருந்து திரும்பிய சுன்குய் நனைந்துபோய் வாசலில் நின்றாள். "அத்தை, மழை விடற வரைக்கும் உள்ள ஒண்டிக்கட்டுமா?"

ஷிமெய் அந்த நாளுக்கென்று இலைச்சாறு பிசைந்து செய்த பச்சை நிறக் கொழுக்கட்டையும் தேநீரும் வைத்தாள். சுன்குய் கைப்பையிலிருந்து ஒரு கஷாயப் பையை எடுத்து, வெந்நீரில் போட்டு, சூடானதும் முனையை வெட்டிக் கிண்ணத்தில் ஊற்றினாள். மூட்டுவலிக்காம். வாடை எழுந்தது. சுன்குய்யின் கண் தானாக ஜன்னலுக்குப் போயிற்று.

"அதை இன்னும் வச்சிருக்கீங்களா?"

"நான்தான் கொண்டுவந்து குடுத்திருக்கணும்" என்றாள் ஷிமெய். நாற்பத்து நாலு வருஷம் தொண்டையில் அடங்கியிருந்தது அவ்வளவு சாதாரணமாக வெளியே வந்தது. "வாடைய வச்சே தெரிஞ்சுது. நீ இரும்புல காய்ச்சறேன்னு. கையில எடுத்துக்கிட்டு வாசப்படில நின்னேன்."

சுன்குய் கிண்ணத்தைக் கீழே வைத்தாள். "அம்மா என்னை அனுப்பினாங்க அத்தை. எதிர்வீட்ல போய் நம்ம சட்டிய கேட்டு வாங்கிட்டு வான்னு. வந்தேன். சட்டிய தூக்கிட்டுப் போனா தெருப் பிள்ளைங்க மூக்கப் பொத்திக்கிட்டு நோய்ச் சட்டின்னு பின்னாலயே கத்திக்கிட்டு வருமே, அந்தப் பயம். திரும்பிப் போய், அவங்க இன்னும் காய்ச்சிக்கிட்டு இருக்காங்கன்னு சொல்லிட்டேன். சரி போகட்டும்னு சொல்லிட்டு அம்மா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கிட்டாங்க."

நனைந்த துணிச்செருப்பைப் பார்த்ததை ஷிமெய் சொன்னாள். கூப்பிடாமல் இருந்ததையும் சொன்னாள். லாய்ஃபா அடுத்த அறையில் இருமினான்.

மழை விட்டதும் சுன்குய் எழுந்து வெளியே போனாள். சொல்லாமலே போகிறாள் என்று ஷிமெய் நினைத்தாள். ஆனால் அவள் நிலைப்படிக்கு அந்தப் பக்கம் நின்று, திரும்பி, பதினோரு வயதுப் பெண் ஒப்பிப்பது போலச் சொன்னாள்: "அத்தை, எங்க அம்மா சட்டிய வாங்கிட்டு வரச் சொன்னாங்க."

ஷிமெய் இரண்டு கையாலும் எடுத்துக் கொடுத்தாள்.

சட்டி இப்போது நான்சாங்கில், சுன்குய்யின் பதினாலாவது மாடி வீட்டில் இருக்கிறது. எதிர்வீட்டை இடித்துவிட்டார்கள். ஜன்னல் விளிம்பில் சட்டி இருந்த இடத்தில் வட்டமாக ஒரு கறை. ஷிமெய் அங்கே எதையும் வைப்பதில்லை. அவளுக்கு வயது எழுபது ஆகிறது, இருமலுக்குக் குருணைப் பொட்டலம் கரைத்துக் குடிக்கிறாள். ஆனி மழையில் வீட்டுக்குள் இன்னும் அந்த வாடை வருகிறது. லாய்ஃபாவுக்கும் வருகிறதாம்.