ஒரு குழாய் வீட்டுப் பக்கம்

இன்று டிஜே என்று கார்டு அடித்துக்கொள்ளும் பிள்ளைகளே, தொண்ணூறுகளில் எங்களுக்கு ரேடியோ செட்டுக்காரர் என்றுதான் பெயர். துடியலூர் வட்டாரத்தில் கல்யாணமோ காதுகுத்தோ, ஆறுச்சாமி அண்ணன் செட்டு இல்லாமல் நடக்காது.

1. முதல் நாள்

மில் வேலையை விட்டு, இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பனான பிறகுதான் அவரிடம் ஒயர் இழுக்கச் சேர்ந்தேன். முதல் நாள் ஒரு கல்யாண வீட்டில் நாலு குழாய் ஸ்பீக்கர் கட்டினோம். மூன்று ஊரைப் பார்த்தன. நாலாவதைச் சோளக்காட்டுப் பக்கம் திருப்பச் சொன்னார்.

பெண்ணின் மாமா வந்துவிட்டார். “ஏனுங்க ஆறுச்சாமி, அந்தக் குழா மட்டும் காட்டைப் பாத்துட்டு இருக்குது? காக்காய்க்கெல்லாம் பத்திரிகை வெச்சிருக்குதுங்களா?”

“காத்து அங்கிருந்து வந்து பாட்டைத் தள்ளுதுங்க. ஒரு குழா அதைத் தடுத்தாத்தான் மத்த மூணும் நல்லாக் கேக்கும்.”

மாமா பெரிய இன்ஜினீயர் மாதிரி தலையாட்டிவிட்டுப் போனார். எல்லாம் கப்சா. சோளக்காட்டுக்கு அந்தப் பக்கம் அண்ணனின் வீடு இருந்தது.

2. நான் பத்து சொன்ன கதை

அண்ணன் பெண் கேட்டுப் போனபோது மாமியார் மறுத்தாராம். “செட்டுக்காரனுக்குக் குடுத்தா எம்பொண்ணு சோத்தைப் போட்டு வெச்சுட்டு வாசலையே பாத்துட்டு இருக்கோணும்.” மகள் சரசுவை ஒரு நாளும் காக்க வைக்க மாட்டேன் என்று வாக்குக் கொடுத்துத்தான் அண்ணன் கட்டினார்.

வீட்டில் போன் கிடையாது. அதனால் ஒரு ஏற்பாடு. ‘மைக் டெஸ்டிங், ஒன், டூ, த்ரீ’ என்று நிறுத்தினால் மதியம் சாப்பிட வீட்டுக்கு வருகிறார். நாலு வரை போனால் இங்கேயே இலை போட்டாச்சு, நீ சாப்பிடு. பத்து வரை போனால் ஆபத்து, உடனே வா. தூரமாக ஆனைமலைப் பக்கம் கூப்பிட்டால் போகவே மாட்டார். “குழா எட்டாதுங்க” என்பார். கேட்டவர்கள் விழிப்பார்கள்.

எனக்கும் இதெல்லாம் தெரியாது. சேர்ந்த இரண்டாம் மாதம் ஒரு கல்யாணத்தில், டீ குடிக்கப் போகும்போது முதன்முறையாக மைக்கை என் கையில் கொடுத்தார். சும்மா இருப்பேனா? தொண்டையைக் கனைத்து, ஒன்றிலிருந்து பத்து வரை கம்பீரமாகச் சொன்னேன்.

கால் மணி நேரத்தில் பக்கத்து வீட்டுக்காரரின் மொபெட்டில் சரசக்கா வந்து இறங்கினார். கையெல்லாம் மாவு. அண்ணன் டீ கிளாஸும் கையுமாக மைக் முன்னால் நிற்கிறார்.

“ஏனுங்க, உசுரோடதான் இருக்கறீங்களா! பத்து சொல்லிப்போட்டு டீ குடிச்சுட்டு இருக்கறீங்க?”

மைக் ஆனில் இருந்தது. நாலு குழாயிலும் ஊரே கேட்டது. மாப்பிள்ளை மேடையிலேயே சிரித்துவிட்டார். அன்றோடு ரகசியம் போச்சு. பிறகெல்லாம் சமையல்காரரே பந்தலிலிருந்து கத்துவார்: “ஆறுச்சாமி, நாலு சொல்லுங்க! பாயசம் இருக்குது!” அண்ணன் மூன்றோடு நிறுத்திவிட்டு சைக்கிளை எடுப்பார்.

என்னைத் திட்டவில்லை. “தம்பி, அவ இத்தனை வேகமா வருவான்னு உன்னாலதான் தெரிஞ்சுது” என்றார். முகத்தில் அப்படி ஒரு பெருமை.

3. கருமாதி

தொண்ணூறுகள் முடிவதற்குள் அண்ணன் போய்விட்டார். வேலை நடக்கும் இடத்திலேயே நெஞ்சுவலி. அன்று காலை மூன்று சொல்லியிருந்தார். அக்கா இலை போட்டு வைத்துக் காத்திருந்தார். போய்ச் சொன்னவன் நான்தான். அந்த இலையை என்னால் இன்றும் மறக்க முடியவில்லை.

கருமாதியன்று, அண்ணன் வீட்டில் குழாய் இல்லாமல் ஒரு காரியமா என்று வட்டாரச் செட்டுக்காரர்கள் எல்லோரும் வந்து கட்டினார்கள். மைக்கை என்னிடம் நீட்டினார்கள். ஒன், டூ, த்ரீ என்றேன். பழக்கத்தில் அதோடு நிறுத்திவிட்டேன்.

வாசற்படியில் அக்கா நின்றிருந்தார். “ஏந் தம்பி நிறுத்திப்போட்டீங்க? பத்து வரைக்கும் சொல்லுங்க. அன்னைக்கு நான் ஓடியாந்தனல்ல? அவரு வாராரான்னு பாக்கலாம்.”

பத்து வரை சொன்னேன். அக்கா தெருமுனையையே கொஞ்ச நேரம் பார்த்தார்.

“சரி, நாலுன்னே வெச்சுக்கறேன். இனி காத்துட்டு இருக்க மாட்டேன். வாங்க, உங்களுக்கெல்லாம் இலை போட்டாச்சு.”

அடுத்த வேலையிலிருந்து ஒரு குழாயை என் வீட்டுப் பக்கம் திருப்ப ஆரம்பித்தேன். காது கிழியுது என்று என் வீட்டுக்காரி திட்டினாள். திட்டட்டும் என்று திருப்பித்தான் வைத்தேன்.